மாவட்ட அளவிலான சிறுவர் நல அளவீடு

மாவட்ட அளவிலான சிறுவர் நல அளவீடு என்பது ஒரு மாவட்டத்தில் வாழும் குழந்தைகள், சிறுவர், வளரிளம் பருவத்தினர் ஆகியோரின் உடல்நலம், ஊட்டம், கல்வி, பாதுகாப்பு, மனநிறைவு முதலியவற்றை எண்களாக்கி, இடத்துக்கு இடமும் காலத்துக்குக் காலமும் ஒப்பிட்டுப் பார்க்கும் முயற்சி ஆகும். நாடு, மாநிலம் ஆகிய அளவுகளில் இத்தகைய கணக்கீடுகள் நெடுங்காலமாக உள்ளன. மாவட்டம், வட்டம், ஊராட்சி ஒன்றியம் போன்ற சிறிய அலகுகளுக்கு இவை வந்தது அண்மைக் காலத்திலேயே. அங்கன்வாடி மையம் எங்கே திறப்பது, மருத்துவரை எங்கே அமர்த்துவது, எந்த ஒன்றியத்துக்குக் கூடுதல் நிதி தருவது போன்ற முடிவுகள் சிறிய அலகுகளில்தான் எடுக்கப்படுகின்றன. ஆகவே மாநிலச் சராசரியை மட்டும் அறிந்திருப்பது நிர்வாகத்துக்குப் போதுவதில்லை.

இக்கட்டுரை அளவீட்டின் பொது முறைகளையும், தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில், சிறப்பாகக் கோத்தகிரிப் பகுதியில், அம்முறைகள் எதிர்கொள்ளும் சிக்கல்களையும் விளக்குகிறது. மக்கள்தொகை குறைந்த, மலைப்பாங்கான, பல பழங்குடிகள் வாழும் மாவட்டம் என்பதால், சமவெளியில் எளிதாகத் தோன்றும் கணக்குகள் பல இங்கே தடுமாறுகின்றன.

வயது எல்லைகள்

யாரைச் சிறுவர் என்பது என்ற கேள்வியிலேயே முதல் சிக்கல் தொடங்குகிறது. 1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் பொது அவை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமை உடன்படிக்கையின்படி, பொதுவாக 18 வயது நிறையாத அனைவரும் சிறுவர் ஆவர். இந்தியா 1992 டிசம்பரில் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது. உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை உள்ளோரை வளரிளம் பருவத்தினர் என்கிறது.

இந்தியாவின் தரவுகளோ வெவ்வேறு எல்லைகளில் சேகரிக்கப்படுகின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 0-6 வயதுப் பிரிவைத் தனியே வெளியிடுகிறது. தேசியக் குடும்பநல ஆய்வு 5 வயதுக்குட்பட்டோரின் உயரத்தையும் எடையையும் அளக்கிறது. அதன் பின்னர் 15 வயதில்தான் ஒருவர் நேர்காணலுக்கு உரியவராகிறார். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6-14 வயதினருக்குப் பொருந்தும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 முதல் 18 வயது வரை உள்ளோரை வளரிளம் பருவத்தினர் எனத் தனியே வகைப்படுத்துகிறது. இவற்றை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், 5 முதல் 14 வயது வரை உள்ள ஒரு பிள்ளையைப் பற்றி, பள்ளிப் பதிவேட்டில் உள்ளதைத் தவிர, மாவட்ட அளவில் தெரியவருவது மிகக் குறைவு என்பது புலப்படும்.

பிற நாடுகளில் தோற்றம்

சிறுவர் நலத்தைப் பல கூறுகளாகப் பிரித்துத் தொடர்ந்து வெளியிடும் வழக்கத்தைப் பரப்பியதில் ஐக்கிய அமெரிக்காவின் ஆனி ஈ. கேசி அறக்கட்டளைக்குப் பெரும்பங்கு உண்டு. 'கிட்ஸ் கவுண்ட்' எனப்படும் அதன் தரவு நூல் 1990 முதல் வெளிவருகிறது. அதன் மாநிலத் தரவரிசை பொருளியல் நிலை, கல்வி, உடல்நலம், குடும்பமும் சமூகமும் என்னும் நான்கு துறைகளில் 16 குறிகாட்டிகளைக் கொண்டு கணிக்கப்படுகிறது. மாநிலத்துக்குக் கீழே 'கவுண்டி' எனப்படும் அலகுக்கும் பல தரவுகள் திரட்டப்படுகின்றன. இந்திய மாவட்டத்துக்கு ஓரளவு இணையான அலகு இதுவே. எனினும் கவுண்டிகள் பலவற்றின் மக்கள்தொகை நம் ஊராட்சி ஒன்றியம் ஒன்றின் மக்கள்தொகையைவிடக் குறைவாக இருக்கும்.

இங்கிலாந்தில் 2009இல் வெளியான உள்ளூர்ச் சிறுவர் நலச் சுட்டெண் இன்னும் நுண்ணிய அளவுக்குச் சென்றது. நாடு 32,482 சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, வருவாய், உடல்நலம், கல்வி, குற்றம், வீட்டுவசதி, சுற்றுச்சூழல், சமூகப் பாதுகாப்பு தேவைப்படும் சிறுவர் என்னும் ஏழு துறைகளில் ஒவ்வொரு பகுதிக்கும் மதிப்பெண் இடப்பட்டது. இதற்கெனத் தனி ஆய்வு எதுவும் நடத்தப்படவில்லை. அரசு அலுவலகங்களில் ஏற்கனவே இருந்த பதிவேடுகளே பயன்படுத்தப்பட்டன. பதிவேடுகள் முழுமையாகவும் முகவரியோடும் பேணப்படும் நாட்டில் மட்டுமே இது இயலும்.

ஆஸ்திரேலியா 2009 முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, பள்ளியின் முதல் ஆண்டில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் பற்றி ஆசிரியர்களிடம் வினாத்தாள் நிரப்பப் பெற்று, முடிவுகளை உள்ளூர் வாரியாக வெளியிடுகிறது.

நாடுகளுக்கிடையேயான ஒப்பீட்டில் பரவலாக அறியப்பட்டது 2007இல் யூனிசெஃப் வெளியிட்ட ஏழாவது அறிக்கை அட்டை ஆகும். 21 செல்வந்த நாடுகளை ஆறு துறைகளில் ஒப்பிட்ட அவ்வறிக்கையில் நெதர்லாந்து முதலிடத்திலும் ஐக்கிய இராச்சியம் கடைசி இடத்திலும் இருந்தன. செல்வமும் சிறுவர் நலமும் ஒன்றல்ல என்பதைப் பொதுமக்களுக்கு உணர்த்திய அறிக்கை இது எனலாம். வளரும் நாடுகளையும் உள்ளடக்கிய எளிய சுட்டெண்ணை சேவ் த சில்ரன் அமைப்பு 2008இல் வெளியிட்டது. ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு, எடைக்குறைவு, தொடக்கப் பள்ளியில் சேராதோர் ஆகிய மூன்றே அளவைகளின் சராசரி அது. குறைந்த தரவுகளே கிடைக்கும் இடங்களுக்கு இந்த மூன்றும் பின்னர் ஒரு முன்மாதிரி ஆயின.

இந்தியாவில் மாவட்டத் தரவுகள்

இந்தியாவில் மாவட்டங்களுக்குத் தனித்தனியே நல மதிப்பீடுகள் கிடைக்கத் தொடங்கியது 1998-99இல் நடந்த முதல் மாவட்டக் குடும்ப ஆய்விலிருந்து ஆகும். இவ்வரிசையில் 2002-04, 2007-08, 2012-13 ஆகிய ஆண்டுகளிலும் ஆய்வுகள் நடந்தன. 1992-93இல் தொடங்கிய தேசியக் குடும்பநல ஆய்வு முதல் மூன்று சுற்றுகளில் மாநில அளவோடு நின்றது. 2015-16இல் நடந்த நான்காம் சுற்றில்தான் அது முதன்முறையாக 640 மாவட்டங்களுக்கும் மதிப்பீடு தந்தது. 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றில் மாவட்டங்களின் எண்ணிக்கை 707 ஆயிற்று. தமிழ்நாட்டில் ஐந்தாம் சுற்றின் களப்பணி கொரோனா ஊரடங்கினால் இரண்டு பகுதிகளாக, 2020இன் தொடக்கத்திலும் 2020 டிசம்பர் முதல் 2021 மார்ச் வரையிலும் நடைபெற்றது.

கல்விக்கு இரண்டு வகையான தரவுகள் உள்ளன. ஒன்று, பள்ளிகளே நிரப்பித் தரும் கல்வித் தகவல் தொகுப்பு. மற்றது, பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் அசர் ஆய்வு. அசர் ஆய்வில் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைப் படிக்கவும் கணக்குப் போடவும் சொல்லிச் சோதிப்பர். ஒரு மாவட்டத்துக்கு 30 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடுகள் என்பது அதன் மாதிரி அளவு. கல்வி அமைச்சு 2022இல் வெளியிடத் தொடங்கிய மாவட்டச் செயல்திறன் தரச் சுட்டெண் 83 குறிகாட்டிகளுக்கு 600 புள்ளிகள் வழங்குகிறது. ஆனால் இது பெரும்பாலும் பள்ளிக் கல்வி அமைப்பையே அளக்கிறது.

2018 ஜனவரியில் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டம் 49 குறிகாட்டிகளைக் கொண்டு மாவட்டங்களை மாதந்தோறும் தரவரிசைப்படுத்தியது. இதில் தமிழ்நாட்டிலிருந்து இராமநாதபுரம், விருதுநகர் ஆகிய இரண்டு மாவட்டங்கள் சேர்க்கப்பட்டன. நீலகிரி இதில் இல்லை. 2019 ஆகஸ்டில் வேர்ல்டு விஷன் இந்தியாவும் ஐ.எஃப்.எம்.ஆர். லீட் நிறுவனமும் 24 குறிகாட்டிகள் கொண்ட இந்தியச் சிறுவர் நலச் சுட்டெண்ணை வெளியிட்டன. அதில் கேரளம், தமிழ்நாடு, இமாசலப் பிரதேசம் ஆகியவை முன்னணியில் இருந்தன. அது மாநில அளவிலான சுட்டெண் ஆகும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் குழந்தைகளின் எடையை ஊர்தோறும் மாதம் ஒருமுறை பார்த்துக் குறிக்கும் பழக்கம், 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தாலும், 1980இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தாலும் பரவியது. இரண்டாவது திட்டத்தில் எடை பார்ப்பது வெறும் பதிவுக்காக அல்லாமல், எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உணவு தரவேண்டும் என்று தெரிந்தெடுப்பதற்காகவே செய்யப்பட்டது. அளவீடும் நடவடிக்கையும் ஒரே கையில் இருந்த அரிய எடுத்துக்காட்டு இது.

மாநிலத் திட்டக் குழு 2003இல் தமிழ்நாடு மனித மேம்பாட்டு அறிக்கையை வெளியிட்டது. மாவட்டங்களில் சென்னை முதலிடத்திலும் தருமபுரி கடைசி இடத்திலும் இருந்தன. 2017இல் வெளியான அடுத்த அறிக்கையில் மனித மேம்பாட்டுச் சுட்டெண்ணோடு பாலினச் சமனின்மைச் சுட்டெண், பல்பரிமாண வறுமைச் சுட்டெண், சிறுவர் மேம்பாட்டுச் சுட்டெண் ஆகியவையும் இடம்பெற்றன. இதே வரிசையில் தயாரிக்கப்பட்ட மாவட்ட மனித மேம்பாட்டு அறிக்கைகளுள் நீலகிரி மாவட்டத்துக்கான அறிக்கையும் ஒன்று. நீலகிரியில் உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என நான்கு ஊராட்சி ஒன்றியங்களே உள்ளன. நான்கு பேர் ஓடும் பந்தயத்தில் முதலிடம், கடைசி இடம் என்று பேசுவதற்கு அதிகப் பொருள் இல்லை.

ஐந்தாம் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் 25.0 விழுக்காடு. நான்காம் சுற்றில் இது 27.1 ஆக இருந்தது. உயரத்துக்கேற்ற எடை இல்லாதோர் 19.7இலிருந்து 14.6 ஆகக் குறைந்தனர். ஆனால் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் இரத்தச்சோகை 50.7இலிருந்து 57.4 விழுக்காடாக உயர்ந்தது. ஒரே ஆய்வில், ஒரே குழந்தைகளிடத்தில், ஒன்று குறைந்து மற்றொன்று கூடியிருக்கிறது. இவற்றைக் கலந்து ஒரே எண்ணாக்கினால் இந்த முரண்பாடு கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

0-6 வயதுக் குழந்தைகளை மருத்துவப் பரிசோதனை செய்து ஊட்டச்சத்துக் குறைபாடு உடையோரைக் கண்டறியும் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் நீலகிரி மாவட்டத்திலேயே தொடங்கப்பட்டது. 2022 மே 21 அன்று உதகமண்டலத்தை அடுத்த முத்தோரை பாலாடா அங்கன்வாடி மையத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் இதைத் தொடங்கி வைத்தார்.

சுட்டெண் கணக்கிடும் முறை

வெவ்வேறு அலகுகளில் உள்ள குறிகாட்டிகளை நேரே கூட்ட முடியாது. இறப்பு வீதம் ஆயிரத்துக்கு இத்தனை எனவும், எடைக்குறைவு நூற்றுக்கு இத்தனை எனவும் உள்ளன. ஆகவே ஒவ்வொன்றையும் 0 முதல் 1 வரையான எண்ணாக மாற்றுவர். எடுத்துக்காட்டாக, எடைக்குறைவுக்கு மிக மோசமான நிலை 50 விழுக்காடு, மிக நல்ல நிலை 0 என்று கொண்டால், 22 விழுக்காடு எடைக்குறைவு உள்ள மாவட்டத்தின் மதிப்பு (50 - 22) / 50 = 0.56 ஆகும்.

இந்த எல்லைகளை எங்கே வைப்பது என்பது முக்கியமானது. மோசமான நிலையாக அவ்வாண்டில் கடைசியாக உள்ள மாவட்டத்தையும், நல்ல நிலையாக முதலாவது மாவட்டத்தையும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. கடைசி மாவட்டம் 32 விழுக்காடு, முதல் மாவட்டம் 12 விழுக்காடு என்றால், 22 விழுக்காடு உள்ள மாவட்டம் 0.50 பெறும். அடுத்த ஐந்தாண்டில் எல்லா மாவட்டங்களும் ஐந்து புள்ளிகள் முன்னேறினாலும் அம்மாவட்டம் மறுபடியும் 0.50 தான் பெறும். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நலம் பெற்றதை அச்சுட்டெண் காட்டாது. இவ்வகைச் சுட்டெண் தரவரிசைக்குப் பயன்படுமே தவிர முன்னேற்றத்தைக் காட்டப் பயன்படாது.

அடுத்தது சராசரி. கூட்டுச் சராசரியில் ஒரு துறையின் குறைவை மற்றொரு துறையின் மிகுதி ஈடுகட்டிவிடும். உடல்நலம் 0.9, கல்வி 0.9, பாதுகாப்பு 0.3 எனில் கூட்டுச் சராசரி 0.70 ஆகும். பெருக்குச் சராசரி ஏறத்தாழ 0.62 ஆகும். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித மேம்பாட்டுச் சுட்டெண் 2010இல் கூட்டுச் சராசரியைக் கைவிட்டுப் பெருக்குச் சராசரிக்கு மாறியது. பிள்ளைகளைப் பொறுத்தவரை இம்மாற்றம் இன்னும் நியாயமானது. நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளை அடிபடுவதை அதன் மதிப்பெண் ஈடுசெய்துவிடாது.

நீலகிரி மாவட்டம்

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. இது 2001இல் 7,62,141 ஆக இருந்தது. 0-6 வயதினர் 66,799 பேர். இவர்களில் ஆண்கள் 33,648, பெண்கள் 33,151. அதாவது ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 985 பெண் குழந்தைகள். மாநிலச் சராசரி 943. கல்வியறிவு 85.20 விழுக்காடு. இவ்வெண்களை மட்டும் பார்ப்பவர் இம்மாவட்டத்தில் கவலைப்படுவதற்கு எதுவும் இல்லை என்றே கருதுவார்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடிகள் இங்கு வாழ்கின்றனர். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக அறிவிக்கப்பட்ட ஆறும் இவையே. பழங்குடிகள் மாவட்ட மக்கள்தொகையில் 4.46 விழுக்காடு, அதாவது சுமார் 32,800 பேர். மாவட்டச் சராசரியில் இவர்களின் பங்கும் அவ்வளவே. பழங்குடிப் பிள்ளைகளிடத்தில் எடைக்குறைவு இரு மடங்கானாலும் மாவட்ட எண் ஒரு புள்ளி அளவுக்கே நகரும்; மாதிரி ஆய்வின் பிழைக்குள் அது மறைந்துவிடும்.

2011இல் 28,207 பேர் வாழ்ந்த கோத்தகிரி நகரமும், சுற்றிலும் உள்ள படுகர் ஊர்களும், தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளும், கிழக்குச் சரிவில் குஞ்சப்பனை, அரக்கோடு, கரிக்கையூர் பகுதிகளில் உள்ள இருளர், குறும்பர் சிற்றூர்களும் ஒரே வட்டத்துள் அடங்குகின்றன. சில சிற்றூர்களுக்கு நடந்தே செல்லவேண்டும். அங்குள்ள பிள்ளைகளைப் பற்றிய நெருக்கமான அறிவு அரசு ஆய்வுகளைவிட அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், உள்ளூர் அமைப்புகள் ஆகியோரிடமே இருக்கிறது. கோத்தகிரியை மையமாகக் கொண்ட நீலகிரி ஆதிவாசி நலச் சங்கம், கீஸ்டோன் அறக்கட்டளை ஆகியவையும், கூடலூரில் ஆதிவாசிகளுக்கென மருத்துவமனை நடத்தும் அஸ்வினி அமைப்பும் குறிப்பிடத்தக்கவை.

சிறிய எண்கள்

ஐந்தாம் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களில் 27,929 வீடுகள் ஆய்வு செய்யப்பட்டன. மாவட்டத்துக்குச் சராசரியாகச் சுமார் 870 வீடுகள். ஒரு கொத்துக்கு 22 வீடுகள் என்பதால் சுமார் 40 இடங்கள். இவ்வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்டோர் 200 பேர் இருந்து அவர்களில் 25 விழுக்காட்டினர் உயரம் குறைந்தோர் எனக் கண்டறியப்பட்டால், உண்மை மதிப்பு 19க்கும் 31க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். வீடுகள் கொத்தாகத் தெரிவு செய்யப்படுவதால் இடைவெளி இன்னும் விரியும். ஆகவே ஒரு சுற்றில் 25, அடுத்த சுற்றில் 28 என்று வந்தால் நிலை மோசமாகிவிட்டது என்று முடிவு செய்ய இயலாது. நாளிதழ்களில் வரும் மாவட்டத் தரவரிசைச் செய்திகளில் இந்த எச்சரிக்கை பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆய்வறிக்கையோ 25க்கும் குறைவானோரை வைத்துக் கணித்த எண்களை வெளியிடாமல் உடுக்குறி இடுகிறது. 25 முதல் 49 வரை என்றால் அடைப்புக்குறிக்குள் தருகிறது. மாவட்ட அளவில் சிசு மரண வீதத்தை அது தருவதே இல்லை.

முழுப் பதிவேடுகளும் இச்சிக்கலைத் தீர்ப்பதில்லை. 2011இல் தோடர்கள் 2,002 பேர். ஆயிரத்துக்கு 12 பிறப்புகள் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்குப் பிறப்பவர் சுமார் 24 பேர். ஓராண்டில் ஒரு குழந்தை இறந்தால் சிசு மரண வீதம் 42. எக்குழந்தையும் இறக்காவிட்டால் 0. இவ்விரண்டு எண்களுமே பொருளற்றவை. இத்தகைய இடங்களில் ஐந்தாண்டு அல்லது பத்தாண்டுத் தரவுகளைச் சேர்த்துக் கணிப்பதோ, வீதத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு இறப்பையும் தனித்தனியே விசாரித்துக் காரணம் அறிவதோதான் பயன் தரும்.

எங்கே பதிவாகிறது

பிறப்பும் இறப்பும் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி நிகழ்ந்த இடத்தில் பதிவு செய்யப்படுகின்றன. சிக்கலான பேறுகளும் நோயுற்ற பச்சிளங்குழந்தைகளும் நீண்டகாலமாகக் கோயம்புத்தூருக்கு அனுப்பப்பட்டு வந்தனர். கூடலூர், பந்தலூர் மக்கள் பலர் அருகிலுள்ள கேரள மருத்துவமனைகளுக்குச் செல்கின்றனர். கோத்தகிரிக் குழந்தை கோவையில் இறந்தால் அவ்விறப்பு கோவையின் பதிவேட்டில் ஏறும். தாயின் இருப்பிடத்தைக் கொண்டு மீண்டும் பிரித்துக் கணிக்காவிட்டால் நீலகிரியின் எண் உண்மையைவிட அழகாகவும் கோவையின் எண் மோசமாகவும் தோன்றும். 2025 ஏப்ரலில் உதகமண்டலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. முன்னர் கோவையில் பதிவான இறப்புகளில் ஒரு பகுதி இனி நீலகிரியிலேயே பதிவாகக்கூடும் என்பதால், வரும் ஆண்டுகளில் மாவட்டப் பதிவு எண்கள் உயர்ந்தால் அதை உடனே சீர்கேடு எனக் கொள்ளலாகாது.

பள்ளிச் சேர்க்கையிலும் இத்தகைய கோளாறு உண்டு. 1858இல் நிறுவப்பட்ட லவ்டேல் லாரன்ஸ் பள்ளி முதலாக, உறைவிடப் பள்ளிகள் பல இம்மாவட்டத்தில் உள்ளன. அங்கு பயில்வோரில் பெரும்பாலோர் வெளியூர்ப் பிள்ளைகள். மொத்தச் சேர்க்கை விகிதத்தில் இவர்கள் மேல் எண்ணில் சேர்கின்றனர்; கீழ் எண்ணோ மாவட்டத்து மக்கள்தொகையிலிருந்து எடுக்கப்படுகிறது. இதனால் உள்ளூரில் பள்ளியை விட்டு நின்ற ஒரு பிள்ளையின் இடத்தை வெளியூர் மாணவர் ஒருவர் கணக்கில் நிரப்பிவிடுகிறார்.

அசர் ஆய்வு ஊரகப் பகுதிகளுக்கு மட்டும் உரியது. நீலகிரியிலோ மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கணக்கெடுப்பின்படி நகர்ப்புறத்தவர். காரணம், தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த பல பகுதிகள் பேரூராட்சிகளாகவும், நெல்லியாளம் போன்றவை நகராட்சியாகவும் உள்ளன. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் பலர் 'நகர்ப்புறப் பிள்ளைகள்' ஆகிவிடுவதால் அசர் கணக்கில் வருவதில்லை. அண்மைக் காலத்தில் வட மாநிலங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்துள்ள குடும்பங்களின் பிள்ளைகள் 2011ஆம் ஆண்டின் கணக்கிலும் பெரும்பாலும் இல்லை.

உயரமும் இரத்தச்சோகையும்

கடல்மட்டத்திலிருந்து உயரே செல்லச் செல்லக் காற்றில் உயிர்வளியின் அழுத்தம் குறைவதால், உடல் கூடுதலான குருதிநிறமியை உண்டாக்கிக்கொள்கிறது. எனவே மலையில் வாழ்வோருக்குச் சமவெளி அளவுகோலை அப்படியே பயன்படுத்தினால் சோகை உள்ளவரும் நலமுடையவராகத் தோன்றுவர். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 1,500 மீட்டர் உயரத்தில் டெசிலிட்டருக்கு 0.5 கிராமும், 2,000 மீட்டரில் 0.8 கிராமும் அளந்த மதிப்பிலிருந்து கழிக்கவேண்டும். கோத்தகிரி நகரம் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு 11.4 கிராம் காட்டும் மூன்று வயதுக் குழந்தை, 11 கிராம் என்னும் எல்லையைத் தாண்டியது போலத் தோன்றினாலும், திருத்தத்துக்குப் பின் சோகை உள்ளதாகவே கொள்ளப்படும். அதே வட்டத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் தாழ்வாக அமைந்த சிற்றூர்களுக்குத் திருத்தம் குறைவு. குடும்பநல ஆய்வு இத்திருத்தத்தைச் செய்கிறது. பள்ளி முகாம்களில் எடுக்கப்படும் எண்களைப் பயன்படுத்துவோர், அவை திருத்தப்பட்டவையா என்று கேட்டறிவது நல்லது. 2024இல் வெளியான புதிய வழிகாட்டுதலில் உலக சுகாதார நிறுவனம் எல்லைகளையும் உயரத் திருத்தத்தையும் மாற்றியமைத்துள்ளதால், பழைய எண்களோடு புதியவற்றை ஒப்பிடும்போது கவனம் தேவை.

குருதி எடுக்கும் முறையும் முடிவை மாற்றுகிறது. நான்காம் குடும்பநல ஆய்வு விரல்நுனிக் குருதியைச் சோதித்து, இந்தியக் குழந்தைகளில் 58.6 விழுக்காட்டினருக்குச் சோகை என்றது. ஏறத்தாழ அதே காலத்தில், 2016-18இல், நரம்பிலிருந்து குருதி எடுத்துச் சோதித்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு 1-4 வயதினரில் சுமார் 41 விழுக்காடு என்றது. வயதுப் பிரிவு சிறிது வேறுபட்டாலும், இவ்வளவு பெரிய இடைவெளியை அது மட்டும் விளக்காது.

சோகைக்குக் காரணம் எப்போதும் உணவு அன்று. இந்தியாவில் அரிவாள் உயிரணுப் பண்பு முதன்முதலாக அறியப்பட்டது நீலகிரிப் பழங்குடிகளிடத்திலேயே ஆகும். லேமன், கட்புஷ் ஆகிய இருவர் 1952இல் இதை வெளியிட்டனர். அரிவாள் உயிரணு நோயுள்ள பிள்ளைக்கு இரும்புச்சத்து மாத்திரை தீர்வாகாது. ஆயினும் மாவட்டச் சுட்டெண்களில் 'இரத்தச்சோகை' என்ற ஒரே தலைப்பின்கீழ் எல்லாம் அடங்கிவிடுகின்றன. இந்நோய்க்கான தேசிய ஒழிப்பு இயக்கம் 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்டு, பழங்குடிப் பகுதிகளில் பெருமளவில் சோதனை நடத்தப்படுகிறது.

அங்கன்வாடிப் பதிவுகள்

மாதிரி ஆய்வுகளின் குறையை நிரப்ப, 2021இல் அறிமுகமான போஷன் டிராக்கர் செயலியில் அங்கன்வாடிப் பணியாளர்கள் ஒவ்வொரு குழந்தையின் எடையையும் உயரத்தையும் பதிவு செய்கின்றனர். கோட்பாட்டளவில் ஊர் வாரியான எண் இதில் கிடைக்கும். ஆனால் 2024ஆம் ஆண்டு நடுப்பகுதியில் நாடு முழுவதற்கும் இதில் பதிவான எடைக்குறைவு சுமார் 17 விழுக்காடு. ஐந்தாம் குடும்பநல ஆய்வில் அது 32.1. இடைப்பட்ட காலத்தில் ஏற்பட்ட முன்னேற்றம் ஒரு பகுதியாக இருக்கலாம். மையத்துக்கு வராத பிள்ளைகள் இப்பதிவில் இல்லை என்பதும், பிழையான எடைக்கருவிகளும், குறைபாடுள்ள குழந்தைகள் மிகுந்தால் விளக்கம் கேட்கப்படும் என்ற அச்சமும் கருத்தில் கொள்ளத்தக்கவை. அளப்பவரே அளவீட்டின் முடிவுக்குப் பொறுப்பாளியாகவும் ஆக்கப்படும்போது எண்கள் இளகிவிடுகின்றன. எனினும் கரிக்கையூர் போன்ற தொலைவிடத்துக் குழந்தை ஒன்றின் எடை கடந்த மூன்று மாதங்களாக ஏறவில்லை என்பதைச் சொல்லக்கூடிய பதிவு இது ஒன்றே. எந்தத் தேசிய ஆய்வும் அதைச் சொல்லாது.

வளரிளம் பருவத்தினர்

வளரிளம் பருவத்தினரைப் பற்றிய மாவட்டத் தரவுகள் மிகக் குறைவு. குடும்பநல ஆய்வில் 15-19 வயதுப் பெண்களின் சோகை, தாய்மை, 20-24 வயதினரில் 18 வயதுக்கு முன் மணமானோர் ஆகியவை கிடைக்கின்றன. கடைசியாகக் கூறியது தமிழ்நாட்டில் 16.3இலிருந்து 12.8 விழுக்காடாகக் குறைந்துள்ளது. ஆண் பிள்ளைகளைப் பற்றி மாவட்ட அளவில் ஏறக்குறைய எதுவும் இல்லை. 10-19 வயதினரை உட்படுத்திய விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு மாநில அளவோடு நின்றது. 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு 13-17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாக மதிப்பிட்டது. இதற்கும் மாவட்ட எண் கிடையாது.

குற்றப் பதிவுகளைப் பாதுகாப்பின் அளவையாகக் கொள்வதில் தனிச் சிக்கல் உண்டு. 2012ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து சிறுவரைப் பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் ஒரு மாவட்டத்தில் வழக்குகள் கூடினால், குற்றம் கூடியது என்றும் கொள்ளலாம். புகார் கூறும் துணிவும் காவல் துறையின் கவனமும் கூடியது என்றும் கொள்ளலாம். வழக்குகள் குறைந்த மாவட்டத்துக்கு நல்ல மதிப்பெண் தரும் சுட்டெண், புகாரை அடக்கும் மாவட்டத்துக்குப் பரிசு தருவதாகிவிடும்.

பிள்ளைகளையே கேட்டறியும் ஆய்வுகளும் உலகில் உள்ளன. 'சில்ரன்ஸ் வேர்ல்ட்ஸ்' என்னும் பன்னாட்டு ஆய்வு 8, 10, 12 வயதுப் பிள்ளைகளிடம் வீடு, நண்பர், பள்ளி, நேரம், பாதுகாப்பு ஆகியவை பற்றி வினவுகிறது. அதன் மூன்றாம் சுற்றில் இந்தியாவும் இலங்கையும் உட்பட 35 நாடுகள் பங்கேற்றன. இத்தகைய வினாக்கள் இந்தியாவின் மாவட்ட ஆய்வுகளில் இல்லை. நீலகிரியில் அவற்றைக் கேட்பதாயின் எம்மொழியில் கேட்பது என்பதும் தீர்மானிக்கப்படவேண்டும். வீட்டில் படுகு, இருளம், கோத்தம், பணியம், மலையாளம், இந்தி எனப் பல மொழிகள் பேசப்படும் வகுப்பறைகள் இங்குண்டு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

மேற்கூறிய விகிதங்கள் பலவற்றின் கீழ் எண் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. 2021இல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு அதை நடத்துவதென 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அதுவரை 2011ஆம் ஆண்டின் எண்ணை வளர்ச்சி வீதத்தால் பெருக்கியே மதிப்பிடவேண்டியுள்ளது. 2001க்கும் 2011க்கும் இடையில் மக்கள்தொகை 3.51 விழுக்காடு குறைந்த நீலகிரிக்கு, மாநில வளர்ச்சி வீதத்தைப் பயன்படுத்தினால் இல்லாத பிள்ளைகள் கணக்கில் ஏறுவர். அப்போது தடுப்பூசி பெற்றோரின் விகிதம் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். குறைவு வீதத்தைத் தொடர்ந்தாலோ புதிதாக வந்த தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் விடுபடுவர். விகிதம் நூறையும் தாண்டக்கூடும்.